சல்லடைக்கு அந்தப் பக்கம்

நடிக்கிறா தரணி, அப்பட்டமா நடிக்கிறா, காசு குடுத்துக் கூட்டிட்டு வந்த நாடகக்காரி அவ, என்று மௌனிகா கத்துகிறாள், இல்ல மௌனி, உனக்குக் காதே இல்ல, என்று அவனும் பதிலுக்குக் கத்துகிறான், எனக்கும் அவர்களுக்கும் நடுவில் மொட்டை மாடிக் கொடியில் என் ஈரச்சேலை, நீலத்தில் மஞ்சள் கரை, சொட்டுச் சொட்டாக என் காலில் வடிகிறது, அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டியின் மேல் வைத்த சின்ன ஸ்பீக்கரில் ஒரு பொம்பளை பேசிக்கொண்டிருக்கிறாள், கேட்டியா சங்கதிய, மேல் மாடிக்காரி மறுபடியும் ஃப்ரிட்ஜ மாத்திட்டா, பழசுக்கு என்ன வியாதின்னு கேட்டா கலர் புடிக்கலையாமா, என்கிறாள், பின்னால் ஏதோ ஒரு கருவி பசித்த யானை மாதிரி முனகுகிறது, நான் துணிக் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, யாரிவள் இத்தனை ருசியாகப் பேசுகிறவள் என்று ஒரு நொடி பொறாமைகூடப் பட்டேன், பிறகுதான் உறைத்தது, அது நான்.

இப்போது நினைத்தாலும் அந்த ஈரம் காலில் விழுகிறது, தன் குரலைத் தானே வெளியில் நின்று கேட்பது தன் முதுகைத் தானே பார்க்கிற மாதிரி, இப்படியா இருக்கிறேன், இவ்வளவு அகலமா. குரலைக் கொஞ்சம் இழுத்து, கிணற்றுக்குள் இறக்கி, மெதுவாக்கி வைத்திருந்தாள் அந்தப் பாட்டுக்காரி, ஆனாலும் என் இழுப்பு எனக்குத் தெரியாதா, அந்தப் பிள்ளைகளுக்குத்தான் தெரியவில்லை, தினமும் படியில் என் குரலைக் கேட்கிறவர்கள்தான், ஆன்ட்டி ஆரம்பிச்சுட்டாங்க என்று தலையை ஆட்டிக்கொண்டே இறங்கிப் போகிறவர்கள், அதே குரலை ஸ்பீக்கரில் போட்டால் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் மாடிக்கு ஏறிவிடுவார்கள், முதல் மாடி மௌனிகா, பிசியோதெரபி படித்தவள், கீழ் வீட்டில் வாடகைக்கு இருந்த தரணீதரன், பம்ப் கம்பெனியில் டிசைன் வரைகிறவன், அவர்களோடு பல் டாக்டர் எழிலரசி, மூன்று பேருக்கும் ஒரே தெய்வம், பேரே சல்லடை, பெற்றவர்கள் வைத்திருக்க மாட்டார்கள், அவளாக வைத்துக்கொண்டது, முகத்துக்கு முன்னால் மாவுச் சல்லடையைப் பிடித்துக்கொண்டுதான் பாடுவாள், பாட்டு என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன், குக்கர் விசில் வரும், குழாய் சொட்டும், நடுவில் அவள் ஆவென்று ஒரு இழுப்பு இழுப்பாள். முதல் ஆல்பம் ஈரத் தீக்குச்சி, அதில்தான் குரல் சுத்தம், அதோடு அவள் கதை முடிஞ்சுது, என்பது மௌனிகாவின் கட்சி, இரண்டாவது பல்லி சொன்னது, அதில் நிஜமாகவே ஒரு பல்லி இருக்கிறது, டாக்டர் அதற்காக உயிரை விடுவாள், மூன்றாவது சுவர்க்காது, பாட்டே கிடையாது, பூராவும் இந்தப் பொம்பளைப் பேச்சு, அதுதான் தரணிக்கு உச்சம். அவர்களுக்குள் ஒரு விரதம் உண்டு, அவள் யாரென்று தேடக் கூடாது, எந்த ஊர், யார் மகள், கல்யாணம் ஆனவளா, ஒன்றும் கேட்கக் கூடாது, எனக்கு அது புரிந்ததே இல்லை, யார் வீட்டுப் பெண் என்று தெரியாமல் ஒருத்தியை எப்படிப் பிடிக்கும், ஆனால் அந்த விரதத்தில்தான் மௌனிகாவுக்கும் தரணிக்கும் மனசு ஒன்றாகி, இரண்டு வீடும் சம்மதித்து, மோதிரம் மாற்றி, கல்யாணத் துணி வாங்குகிற உப்பு ஜவுளிக்கு நாளும் குறித்திருந்தார்கள்.

அந்த மோதிரத்தைத்தான் அவள் திருகிக்கொண்டிருந்தாள், சேலைக்கு இந்தப் பக்கம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், தரணி சொல்கிறான், நல்லாக் கேளு, இவ பேசுறா, நிறுத்துறா, எதிர்ப் பக்கம் பதில் வர்ற நேரம்கூட விடாம மறுபடி பேசுறா, அந்தப் பக்கம் யாருமே இல்ல மௌனி, செத்த போன்ல பேசிட்டு இருக்குது அந்தப் பொம்பள, இதைப் போய் நடிக்க முடியுமா. மௌனிகா சிரித்தாள், செத்த போன்ல யாரு பேசுவா, பைத்தியந்தான் பேசும். அப்ப நாளைக்கு நான் பேசுறப்பவும் நடிக்கிறேன்னுதான் சொல்லுவியா, என்று அவன் கேட்டான், குரல் இறங்கியிருந்தது, கத்துகிற வரைக்கும் சண்டை, குரல் இறங்கினால் அது வேறு, நான் எத்தனை வீட்டில் கேட்டிருக்கிறேன். டாக்டர் மெதுவாக, ரெண்டாவது ஆல்பத்துல இந்தப் பிரச்சினையே இல்ல, என்றாள். சேலையை விலக்கிக்கொண்டு போய், பைத்தியமெல்லாம் இல்ல கண்ணு, நான்தான் அது, என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது, நாக்கு நுனிவரை வந்தது, நாக்கு நுனிக்கு வந்த எதையும் விழுங்கிப் பழக்கமில்லாதவள் நான், அன்றைக்கு விழுங்கினேன், காய்ந்ததும் காயாததுமாகத் துணியை அள்ளிக்கொண்டு இறங்கினேன்.

தாராபுரத்தில் என் தங்கை புஷ்பா இருந்தாள், நாலு மணிக் காப்பியோடு அவளைக் கூப்பிட்டால் விளக்கு வைக்கிற வரைக்கும் பேச்சு, என் வீட்டுக்காரருக்கு டிவியில் வருகிறவர்கள் பேசினால்தான் காது கேட்கும், ஆக இந்தக் கட்டடத்தில் நடப்பதெல்லாம் சமையலறை ஓரத்து லேண்ட்லைன் வழியாகத் தாராபுரம் போய்ச் சேர்ந்த பிறகுதான் நடந்த மாதிரியே ஆகும், அதுவரைக்கும் அது வெறும் சத்தம். அவள் கண்ணை மூடின பிறகு ஒருநாள் நாலு மணிக்குக் கை தானாகப் போனது, ரிசீவரை எடுத்தேன், டயல் சத்தம்கூட இல்லை, அது ஒருவிதத்தில் நல்லதாகப் போயிற்று, வேறு யாரும் எடுத்துத் தொலைக்க மாட்டார்கள் அல்லவா, கேட்டியா சங்கதிய, என்று ஆரம்பித்தேன், அவ்வளவுதான். யாருக்கும் தெரியாது என்றிருந்தேன், ஊரார் வீட்டுக் கதவுச் சந்தெல்லாம் எனக்குத் தெரியும், என் வீட்டுச் சந்து யாருக்குத் தெரியும் என்றிருந்தேன். என் சமையலறை ஜன்னல் திறப்பது கட்டடத்துக்கு நடுவே குழாய்கள் இறங்குகிற சந்தில், அந்தச் சந்தில் திறக்கிற இன்னொரு ஜன்னல் ஒன்றே ஒன்று, பக்கத்து வீட்டுத் தமயந்தியுடையது, முருங்கைக்காய் விலையைக்கூடக் கிசுகிசுப்பாகக் கேட்கிறவள், நாலு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறவள், அவளா, சேச்சே, என்று சொல்லிக்கொண்டே மௌனிகா எப்போதோ என் செல்லுக்கு அனுப்பியிருந்த வீடியோவைத் தேடி எடுத்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன், எவர்சில்வர் சல்லடை, ஓரத்தில் பொறித்த எழுத்து, பாதிதான் தெரிந்தது, ஷ்பா அன்ப. எங்கள் கிரகப்பிரவேசத்துக்கு புஷ்பா கொடுத்த பாத்திரங்கள், டம்ளர் முதல் தாம்பாளம் வரை ஒவ்வொன்றிலும் புஷ்பா அன்பளிப்பு என்று கடையிலேயே வெட்டிக் கொண்டுவந்திருந்தாள், அந்தச் சல்லடையைத் தமயந்தி ஓணான் மாதிரி நின்று இரவல் கேட்டது இரண்டு தீபாவளிக்கு முன்னால், திருப்பித் தரவில்லை, அதைப்பற்றிக்கூட ரிசீவரில் புஷ்பாவிடம் வைது தீர்த்திருக்கிறேன், அதையும் அவள் கேட்டிருப்பாள், கேட்டுக்கொண்டே அதே சல்லடையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்திருக்கிறாள். என் குரல் ஊர் சுற்றுவது ஒரு அதிர்ச்சி என்றால் இது அதைவிடப் பெரியது, இந்தக் கட்டடத்தில் இவ்வளவு பெரிய சங்கதி, சுவருக்கு அந்தப் பக்கத்திலேயே, எனக்குத் தெரியாமல்.

கதவைத் தட்டினேன், திறந்தாள், கையில் டியூஷன் பிள்ளையின் கணக்கு நோட்டு, என்னோட சல்லடையக் குடு தமயந்தி, என்றேன். உள்ளே வாங்க்கா, என்று கையைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்தினாள், அந்தக் கை அத்தனை பலமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. அவருக்குத் தெரியாதுங்க்கா, என்றாள், நான் ஒன்றும் கேட்கவில்லை, எனக்கே தெரியும், அவள் கல்யாணமாகி வந்த புதிதில் புருஷன் திருமலைசாமி அவளுடைய சுருதிப் பெட்டியை ஜன்னல் வழியாக வீசினது, அது கீழே விழுகிறபோதும் ஆஆ என்று ஒரு மூச்சு இழுத்துக்கொண்டே விழுந்தது, கை தவறிடுச்சுங்க என்று அவன் சொன்னதை நம்புகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டவர்களில் நானும் ஒருத்தி. அந்தப் பேச்ச எடுத்துடறேனுங்க்கா, இப்பவே எடுத்துடறேன், உங்களக் கேட்டிருக்கணும், கேட்டா அந்தச் செத்த போன்ல பேசறத நிறுத்திடுவீங்கன்னு பயம், என்றாள். நான் கேட்டது வேறு, போன் செத்தது உனக்கெப்படித் தெரியும். லைன்மேன் வயரச் சுருட்ட வந்தப்ப நான்தானுங்க்கா சாவி வாங்கிக் கதவத் தொறந்து விட்டேன், நீங்க புஷ்பாக்கா காரியத்துக்குப் போயிருந்தீங்க, என்றாள், அப்பறம் நீங்க வந்தீங்க, நாலு மணி ஆச்சு, பேசுனீங்க. குழாய்ச் சந்தில் யார் வீட்டுத் தண்ணீரோ இறங்கிப் போனது. எடுத்துடட்டுங்ளா, என்றாள் மறுபடியும். எடுத்துவிட்டால், புஷ்பாவுக்குப் பிறகு நான் பேசினதெல்லாம் மறுபடியும் வெறும் சத்தமாகிவிடும் என்று தோன்றியது, இருக்கட்டும், அந்த ஃப்ரிட்ஜ் சமாச்சாரம் நல்லா வந்திருக்குது, என்றேன், சல்லடையும் இருக்கட்டும், ஓரத்த மட்டும் அந்தப் பக்கம் திருப்பிப் புடி.

ஆனால் சங்கதி அதோடு நின்றதா, அடுத்த நாளே மௌனிகா என் வீட்டு வாசலில், விரலில் மோதிரம் இல்லை, கண் வீங்கியிருக்கிறது, ஆன்ட்டி, காப்பி இருக்கா, என்கிறாள், நான் டம்ளரை எடுக்கப் போனவள் ஓரத்து எழுத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு, எவர்சில்வர் எல்லாவற்றையும் அலமாரிக்குள் தள்ளி, மகன் பரிசாக வாங்கின கண்ணாடிக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தேன், என்ன ஆன்ட்டி, விருந்தாளி ஆயிட்டனா, என்றாள், பிறகு சொன்னாள், ஒரே ஒரு வார்த்தை ஆன்ட்டி, அந்தப் பொம்பள நெசந்தான்னு யாராச்சும் வந்து எனக்குக் காட்டட்டும், நானே போயி அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கறேன், ஆனா காட்ட முடியாது, ஏன்னா அப்பிடி ஒருத்தி கிடையாது. கிடையாதவள் அவளுக்கு முறுக்கு எடுத்து வைத்தாள். சொல்லிவிடலாம், கடிகாரத்தில் நாலடிக்கப் போகிறது, அந்த ரிசீவரை எடுத்து இரண்டு வாக்கியம் பேசினால் போதும், ஒரு கல்யாணம் பிழைக்கும், ஆனால் சொன்னால் அடுத்த கேள்வி யார் பதிவு பண்ணினது, அடுத்து அந்த ஜன்னல், அடுத்து திருமலைசாமி, சுருதிப் பெட்டி விழுந்த சத்தம் என் காதில் இருக்கிறது, இந்த முறை விழுவது பெட்டியாக இருக்காது. சுவரில் நாலு அடித்தது, போன் பக்கம் நான் பார்க்கவில்லை, முறுக்கு நமத்துப்போச்சா கண்ணு, என்று மட்டும் கேட்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடினது இந்த இரண்டே சாயங்காலம், அதற்கு இந்த விலை. உப்பு ஜவுளி நின்றது, பத்திரிகை அச்சடித்த கடைக்காரன் மஞ்சள் தடவாத பத்திரிகையை அப்படியே கட்டிக் கொடுத்தான், என்னாச்சு என்னாச்சு என்று கட்டடமே என்னிடம் வந்து கேட்டது, எனக்குத் தெரியாதுங்க, என்றேன், யாரும் நம்பவில்லை, நம்பாததும் நியாயம்தான்.

அப்புறம் எல்லாரும் கலைந்துபோனார்கள், தரணி ஓசூருக்கு மாற்றல் வாங்கிப் போய்ப் பவானிப் பெண் ஒருத்தியைக் கட்டிக்கொண்டான், காலையில் சுப்ரபாதம் தவிர வேறு பாட்டு அவள் காதில் விழுந்ததில்லையாம், நிம்மதியாக இருக்கிறான் என்கிறார்கள், மௌனிகா பெர்த்தில் இருக்கிற எஞ்சினியரைக் கட்டிக் கடல் தாண்டினாள், டாக்டர் கிளினிக்கைப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோனாள், பல்லியோடு. தமயந்தி ஒரு காலையில் இரண்டு பையோடு படியிறங்கினாள், ஒரு பையில் வட்டமாக ஏதோ முட்டிக்கொண்டு தெரிந்தது, என்னைப் பார்த்தாள், நான் கோலப்பொடி டப்பாவைத் தேடுகிறவள் மாதிரி திரும்பிக்கொண்டேன், திருமலைசாமி வந்து கேட்டபோது, அவ அக்கா பிரசவத்துக்குன்னு சொல்லிட்டுத்தானுங்க போனா, என்றேன், அவளுக்கு அக்காவே கிடையாது என்பது அவனுக்கு ஞாபகம் வருவதற்குள் கட்டடம் முழுக்க அந்தப் பிரசவத்தைப் பரப்பிவிட்டேன், பெண் குழந்தை என்றுகூடச் சொன்னேன், அவன் எந்தப் பக்கம் தேடுவது என்று தெரியாமல் நின்றான். இப்போது அந்த ஜன்னல் சாத்தியே கிடக்கிறது. போன வாரம் பெர்த்திலிருந்து மௌனிகா வீடியோவில் கூப்பிட்டாள், இடுப்பில் குழந்தை, ஆன்ட்டி, சல்லடை நாலாவது ஆல்பம் விட்டிருக்கா, பேரு ம், வெறும் ம், மணிக்கணக்கா ஒருத்தி ம் கொட்டிட்டு இருக்கா, நடுவுல நடுவுல ஒண்ணுமே இல்ல, இதுக்குப் பேரு ஏமாத்து வேலை, அனுப்பறேன் கேட்டுப் பாருங்க, என்றாள், பிறகு குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே, தரணி இருந்தா இதையும் கும்பிடுவான், என்று சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்தாள். எனக்கும் கட்சி உண்டு கண்ணு, எனக்கு நாலாவதுதான், என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை. நாலு மணிக்குக் காப்பியைப் புஷ்பாவின் டம்ளரில் ஊற்றிக்கொண்டு, செல்லை ஜன்னல் விளிம்பில் வைத்து அதைப் போட்டுவிட்டு, பழைய ரிசீவரைக் காதில் வைத்துக்கொள்கிறேன், குழாய்ச் சந்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி, கிசுகிசுப்பாக, ம், என்கிறாள் அவள், கேட்டியா சங்கதிய, என்கிறேன், அப்பிடியா, என்கிறாள், பிறகு ஒரு பெரிய இடைவெளி, சரியாக நான் பேசி முடிக்கிற அளவுக்கு விட்டுவைத்த இடைவெளி, மொட்டை மாடியில ஈரச்சேலை காயப்போட்டிருந்தேன், அந்தப் பக்கம் ரெண்டும் கத்திட்டு இருக்குதுக, சேலை சொட்டுது, சொட்டுது, என்னோட குரல் எனக்கே கேக்குது, என்கிறேன், ம், என்கிறாள், அப்புறம்?