மூடி இல்லாத மீன்தொட்டி

மருமகள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "மாமா, இந்தத் தொட்டிக்கு ஒரு மூடி போட்டுடலாமா?" அதற்குப் போய்க் கண்டக்டர் வாரக்கணக்கில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார் என்றால், அந்த மனுஷனை என்னவென்று சொல்வது!

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் அவர். மனைவி போன பிறகு மகன் வீட்டுக்கு வந்தபோது ஒரு பெட்டியும் இந்த மீன்தொட்டியும்தான் கொண்டுவந்தார். மகன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான் இருப்பான். ஆக, வீட்டில் மாமனாரும் மருமகளும்தான். அவளுக்கு ஜன்னல் செய்யும் பட்டறையில் வேலை. அலுமினியச் சட்டம் அறுப்பது, கொசுவலை இழுத்துக் கட்டுவது எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

தொட்டி எப்போதும் திறந்தேதான் இருந்தது. மனைவி நட்ட நீர்ச்செடி தண்ணீருக்கு மேலே ஒரு சாண் எழும்பி இலை விரித்து நிற்கும். கண்டக்டர் காலையில் டீயோடு அதன் பக்கத்தில் உட்கார்ந்தால் ஊர் நியாயம் முழுக்க மீன்களிடம் பேசிவிட்டுத்தான் எழுவார். மூடி போட்டால் செடியை வெட்ட வேண்டும்.

"அவ நட்ட செடிம்மா அது. மீனுக்கும் காத்து வேணாமா?" என்று அன்றைக்கே சொல்லிவிட்டார். அவளும் மறுபேச்சுப் பேசவில்லை.

பிரச்சினை அதோடு முடிந்திருக்கும். ஆனால் போனில் ஒரு அக்கா இருக்கிறாளே! எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

"இன்னைக்குத் தொட்டிய மூடச் சொல்றா. நாளைக்கு அதைத் தூக்கி வெளிய வைப்பா. அப்புறம் உன்னை. பேசாம இங்க வந்துடு தம்பி."

கண்டக்டருக்கு அது சுருக்கென்று தைத்தது. இந்த வீட்டில் நமக்கு இடம் உண்டா, இல்லை ஒண்டிக்கொண்டுதான் இருக்கிறோமா என்ற கேள்வி, அவர் இங்கே வந்த நாளிலிருந்தே அரித்துக்கொண்டிருந்தது. மூடி என்ற பேச்சு இன்னொரு தடவை வரட்டும், பெட்டியைக் கட்டிவிடுவது என்று முடிவு பண்ணிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து வந்தால் தொட்டியில் துரையைக் காணோம். துரை என்பது உள்ளங்கை நீள வெள்ளி மீன். மற்ற மீன்களை விரட்டி விரட்டி அதிகாரம் பண்ணும், அதனால் அந்தப் பெயர். மருமகளையும் காணோம். லீவு நாளில் எங்கே போனாள்? தேடிக்கொண்டே சமையலறைக்குப் போனவர், மேடையில் மூடியிருந்த பாத்திரத்தைத் திறந்தார்.

உள்ளே துரை. தண்ணீர் மஞ்சளாக இருந்தது. பக்கத்தில் உப்பு டப்பா, மஞ்சள்தூள் டப்பா. பலகையில் நறுக்கிய வெங்காயமும் கத்தியும்.

"அடிப்பாவி! உயிரோடவே குழம்பு வைக்கப் பாக்கறாளே!"

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. குழம்பு வைக்கிறவள் மீனை நீந்தவிட்டா மஞ்சள் போடுவாள் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். எங்கே யோசித்தார்? அக்காவுக்குப் போன் போட்டு "வரேன்" என்றார். சட்டைகளைப் பெட்டியில் திணித்தார். துரையையும் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு போவதாக உத்தேசம்.

அப்போது கதவு திறந்தது. மருமகள் மூச்சு வாங்க நின்றாள். கையில் அலுமினியச் சட்டத்தில் அடித்த ஒரு கூண்டு. நாலு பக்கமும் மேலேயும் வலை.

"எழுந்துட்டீங்களா மாமா? நீங்க எழுந்திருக்கறதுக்குள்ள வந்துடலாம்னு சாவிய வாங்கிக்கிட்டுப் பட்டறைக்கு ஓடினேன். விடியக்காலைல துரை துள்ளி வெளிய விழுந்து கெடந்துச்சு. ஒடம்பெல்லாம் தூசி, காயம். நல்லவேளை, உயிர் இருந்துச்சு. மீன் கடைக்காரர எழுப்பிக் கேட்டேன். உப்பும் துளி மஞ்சளும் போட்ட தண்ணில விட்டு மூடி வைங்கன்னாரு."

சொல்லிக்கொண்டே கூண்டைத் தொட்டி மேல் வைத்தாள். ஒரு முழ உயரம். செடியில் ஒரு இலைகூட வளையவில்லை. காற்றும் போகும், வெளிச்சமும் போகும். துரை இனி என்ன குட்டிக்கரணம் அடித்தாலும் வெளியே வர முடியாது.

திரும்பியவள் பெட்டியைப் பார்த்தாள். "இது எதுக்கு மாமா?"

கண்டக்டர் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினார். "நீ... துரைய... குழம்பு..."

அவள் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். "ஐயோ மாமா, வெங்காயம் முட்டைக்கு!"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரு மீனுக்காகவா இத்தனை ஓட்டம் ஓடினே?"

"மீனுக்காக யாரு ஓடினா?" அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "இங்க வந்த புதுசுல நீங்க ரெண்டு வாய்க்கு மேல சாப்பிடல. இதைக் கூடத்துல வச்ச அப்புறம்தான், இதுங்ககூடப் பேசிக்கிட்டே தட்ட காலி பண்ண ஆரம்பிச்சீங்க. இதுல ஒண்ணு செத்தாலும் நீங்க மறுபடி படுத்துடுவீங்களோன்னு பயம் மாமா. அதான் மூடி கேட்டேன்."

கண்டக்டர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். தான் எத்தனை வாய் சாப்பிட்டோம் என்று பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தியை அல்லவா சந்தேகப்பட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டார்.

"நீ நல்லா இருக்கணும்மா. கண்ணு இருந்தும் நான் குருடனா இருந்துட்டேன். பெத்த தாய் மாதிரி பாத்துக்கிட்டிருக்கே."

"சரி சரி, சட்டையெல்லாம் கசங்குது" என்று அவள் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து மாட்ட ஆரம்பித்தாள்.

போன் அடித்தது. அக்காதான்.

"கெளம்பிட்டியா தம்பி?"

"இல்லக்கா. வரல."

"ஏன், அவ விடலையா?"

"ஆமாக்கா" என்றார் கண்டக்டர். "என் மக விட மாட்டேங்கறா."