நின்ற நீரில் எடுத்த ஓட்டக் கணக்கு

முனைவர் கருணாகரனின் ஆய்வுத் தலைப்பை ஒரே மூச்சில் படித்தால் மயக்கம் வரும். ஆற்றின் ஓட்டம் கூடும்போது அடிவண்டலிலிருந்து எவ்வளவு சத்து தண்ணீரில் கலக்கிறது என்பதுதான் சாரம். இந்த ஓட்டத்தை அளப்பதற்கு அவர் செய்த முதல் காரியம், நெய்வேலிக்குக் கிழக்கே உள்ள சிற்றாற்றின் ஷட்டரை மூன்று நாள் மூடச் சொன்னது.

மூன்றாம் நாள் மேல்தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. ஷூ நனையாமல் கரையில் நின்றே நான்கு பாட்டில் மொண்டார். சத்து ஏதும் வெளியேறவில்லை என்று முடிவு கட்டினார். ஷட்டரை ஒரேயடியாகத் திறக்கலாம் என்று விருந்தினர் இல்லத்தில் ஆட்களைக் கூட்டி, முந்திரிப் பக்கோடா சகிதம் அறிவித்தார்.

கரையோரக் குட்டையில் கட்லா வளர்க்கும் சிங்காரவேல் எழுந்தார். குட்டைக்கு ஆற்றுத் தண்ணீர்தான். அடுத்த வாரம் மீன் பிடிப்பு.

“ஐயா, மூணு நாளா தண்ணி நின்னுகினு கெடக்குது. அடிச்சேறு கறுத்துப்போயி நாறுது. டக்குனு தொறந்தா அத்தினியும் கெளம்பி என் குட்டைக்குத்தான் வரும். பாசி புடிச்சி, விடியக்காலைல மீனெல்லாம் வாயத் தொறந்துகினு மெதக்கும். போன வருசமே பாத்தவன் நானு.”

“பெரியவரே, அனுபவம் வேற, டேட்டா வேற” என்றார் முனைவர், குழந்தைக்கு மருந்து புகட்டும் குரலில்.

உத்தரவில் கையெழுத்திட வேண்டியவர் உதவிப் பொறியாளர் சண்முகப்பிரியா. திறந்த பேனாவை மூடினார்.

“சார், தண்ணி ஓடும்போது எடுத்த சாம்பிள் எது?”

“ஓடும்போது எப்படிம்மா எடுக்கறது? பாட்டிலையே இழுத்துட்டுப் போயிடுது. கலங்கலா வேற வருது. ரீடிங் கெட்டுப்போயிடும்.”

சிங்காரவேல் பக்கோடாத் தட்டைக் கீழே வைத்தார்.

“அந்தக் கலங்கலத்தானேங்க அளக்க வந்தீங்க?” என்றார் சிங்காரவேல்.

முனைவர் கண்ணாடியைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

சண்முகப்பிரியா உத்தரவை அடித்துத் திருத்தினார். “ஷட்டரை ஒரு ஷிப்டுக்கு ரெண்டு விரக்கடை உசரம்தான் தூக்கணும். அண்ணே, அதுவரைக்கும் உங்க குட்டை மடையை அடைச்சு வைங்க. ஆறு தெளிஞ்சதும் தொறக்கலாம்.”

“அறிக்கை அட்டைக்குத் தண்ணி பொங்கி வர்ற மாதிரி ஒரு போட்டோ வேணுமே!” என்றார் முனைவர்.

“அதையும் நிறுத்தி வச்சே எடுத்துக்கங்க சார்.”

சிங்காரவேல் இதைக் கேட்க அங்கே இல்லை. மணல் மூட்டை ஏற்ற, வாசலில் டிவிஎஸ்ஸை உதைத்துக்கொண்டிருந்தார்.