ஒதுங்கி நிற்கும் வண்டி

"உங்க வண்டி கொஞ்சம் ஒதுங்கி நிக்கட்டும் சம்பந்தி. எங்க வண்டி நேரா போயிடும்" என்று வக்கீல் சொன்னபோது, சர்வேயர் பலகைமேல் குனிந்து நூல் பிடித்துக்கொண்டிருந்தார். நூலை விடவில்லை, நிமிரவும் இல்லை. காது மடல் மட்டும் சிவந்தது.

சர்வேயருடைய மகள் வீட்டு மாடி அறை அது. சுவரோரமாக இருபத்திரண்டு அடி நீளத்துக்குப் பலகை, அதன்மேல் விரல் அகலத்தில் ஒற்றை ரயில் பாதை. ஜன்னல் பக்கத்து ஸ்டேஷன் சர்வேயருடையது. கதவுப் பக்கத்து ஸ்டேஷன் வக்கீலுடையது. வக்கீல் என்றால் மாப்பிள்ளையின் அப்பா. அந்த வீட்டிலேயே இருப்பவர். ஆசைப்பட்டு எல்லாவற்றையும் வாங்கிய மாப்பிள்ளை, இரண்டு பெரியவர்களும் உள்ளே நுழைந்த பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. ஒருமுறை வாய்தவறி 'பொம்மை ரயில்' என்று சொல்லிவிட்டு இருவரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். அவர்கள் ஒரே குரலில் பேசியது அன்று ஒருநாள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டிகளும் ஒரே நேரத்தில் புறப்பட்டு நட்டநடுவில் முட்டிக்கொண்டன. வக்கீலின் எஞ்சினுக்குப் புகைபோக்கி போயிற்று. நடுவில் பாதையை இரண்டாகப் பிரித்து மறுபடி சேர்த்துவிட்டால், ஒரு வண்டி ஒரு கிளையில் நிற்க, மற்றது கடந்து போகலாம். இதில் தகராறுக்கு என்ன இருக்கிறது என்று தோன்றும். இருந்தது. பாதையைப் பிரிக்கக் கடையில் வாங்கிய பாயின்ட்டில் ஒரு கிளை நேர்கோடு, மற்றது வளைவு. நேராகப் போகிறவன் ராஜா மாதிரிப் போவான். வளைகிறவன் ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்பான்.

"பொண்ணக் குடுத்தவன்னா ஒதுங்கியே நிக்கணுமோ?" என்றார் சர்வேயர், நூலைச் சுருட்டியபடி.

"நான் ரயிலப் பத்திப் பேசறேன்."

"நானும் அதைத்தான் பேசறேன்."

அந்த வாரம் முழுக்கத் தன் வீட்டில் சாப்பாட்டு மேசையை மறித்து அவர் படம் போட்டார். முப்பது வருஷம் ஊராரின் நிலத்தை அளந்த கை. நேர்க்கிளையே கூடாது, கவட்டை மாதிரி இரு பக்கமும் ஒரே அளவில் விரியும் பாயின்ட்டுகள் இரண்டு வேண்டும். இருவருக்கும் ஒரே வளைவு, ஒரே நீளம். வெளியே வளைந்த பாதை உள்ளே திரும்பும் முன் ஒரு பெட்டி நீளமாவது நேராக ஓட வேண்டும். இல்லையென்றால் முன்பெட்டி ஒரு பக்கம் இழுக்க, பின்பெட்டி மறுபக்கம் முறுக்கிக்கொண்டு கவிழும். கிளைகள் சேரும் இடத்தில் வண்டிகள் தோளோடு தோள் உரசும் என்பதால் அந்தப் பகுதியைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. அதற்கு உள்ளே தள்ளி, முனைக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. எஞ்சின் மூக்கிலிருந்து கடைசிப் பெட்டியின் வால்வரை இரு புள்ளிகளுக்குள் அடங்கியாக வேண்டும். எஞ்சினும் ஐந்து பெட்டிகளுமாக ஐந்தரை அடி. புள்ளிக்குப் புள்ளி ஆறடி வைத்தார். மனைவி தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனாள்.

மறு ஞாயிறு பாதை பதித்து முடிந்ததும், வக்கீல் கோணமானியை வைத்துப் பார்த்தார். "இடது கிளை ஒரு மயிரிழை கம்மியா வளையுதோ?"

"உங்க கண்ணு வளையுது."

மகள் கதவருகே வந்து நின்றாள். "அப்பா, மாமா, ரெண்டு பேரும் கேட்டுக்கோங்க. இந்த ரூம்ல ட்யூஷன் எடுக்கப்போறேன். இன்னைக்காவது ரெண்டு வண்டியும் சண்டையில்லாம கடந்துச்சுன்னா நான் வேற இடம் பார்த்துக்கறேன். இல்லேன்னா நாளைக்கே கார்பென்டர் வந்து எல்லாத்தையும் கழட்டிடுவான்."

சர்வேயர் பலகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். வேலை இல்லாமல் எவர் வீட்டு வாசலையும் மிதிக்காதவர் அவர். மகள் வீடும் அதில் சேர்த்தி. பலகை போய்விட்டால், ஞாயிற்றுக்கிழமை வந்து நின்று, 'உன்னைப் பார்க்கணும் போல இருந்தது' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும். அவர் பரம்பரையில் யாரும் அப்படிச் சொல்லிக் கேள்வி இல்லை.

வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஆளுக்கொரு பிடி, தன் பிடி தன் எஞ்சினுக்கு மட்டும். இருவரும் திருகினார்கள். வண்டிகள் புறப்பட்ட பிறகுதான் சர்வேயருக்கு உறைத்தது. வளைவைச் சமமாக்கியாயிற்று, ஆனால் முதலில் உள்ளே போகிற வண்டிதானே அடுத்தவனுக்காகக் காத்து நிற்க வேண்டும்! பிடியை மெல்லப் பின்னுக்குத் திருப்பினார். எதிர் வண்டியும் தளர்ந்தது. அங்கேயும் உறைத்துவிட்டது.

"என்ன சம்பந்தி, வண்டிக்கு முட்டிவலியா?"

"உங்களுதுதான் வாய்தா கேக்குது போலிருக்கு."

இரண்டும் எறும்புபோல ஊர்ந்து, ஆளுக்கொரு பாயின்ட்டின் வெளியே நின்றே போயின. நடுவில் ஆறடிப் பாதை காலியாகக் கிடந்தது.

மகள் போனை எடுத்தாள். "அண்ணே, நாளைக்குக் காலைல வர்றீங்களா?"

இரண்டு பிடிகளும் ஒரே கணத்தில் திரும்பின. வண்டிகள் குலுங்கிக் கிளம்பி, தத்தம் கிளையில் வளைந்து, நிமிர்ந்து, பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. எந்த வாலும் புள்ளியைத் தாண்டவில்லை.

இனி வெளியேற வேண்டும். சர்வேயர் வண்டி போக வேண்டிய பக்கத்துப் பாயின்ட் வக்கீலின் கையில். வக்கீல் வண்டியின் வழி சர்வேயரின் கையில். சர்வேயர் சட்டென்று தன் பாயின்ட்டின் நெம்புகோலைத் தட்டினார். "வழி விட்டாச்சு. நீங்க போங்க."

வக்கீலும் தட்டினார். "நானும் விட்டாச்சு. நீங்க முதல்ல."

"பெரியவங்க நீங்க."

"விருந்தாளி நீங்க."

"அய்யோ, யாராவது ஒருத்தர் போங்களேன்!" என்றாள் மகள்.

"அவர் போகட்டும்மா" என்றார்கள் இருவரும்.

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் போனில், "அண்ணே, நாளைக்கு வேண்டாம், அப்புறம் சொல்றேன்" என்றாள். ஜன்னலுக்கு வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சர்வேயர் வழக்கமாகக் கிளம்பும் நேரம் எப்போதோ தாண்டியிருந்தது.

"அப்பா, சாப்பிட்டுட்டுப் போறீங்களா?"

"வண்டி நிக்குதேம்மா. விட்டுட்டு எப்படிப் போறது?"

"அதானே" என்றார் வக்கீல், ஒரு நாற்காலியைச் சம்பந்தியின் பக்கம் தள்ளியபடி. "கேஸ் நடக்கும்போது கட்சிக்காரர் எழுந்து போகக் கூடாது."

அறை இருட்டியது. யாரும் விளக்குப் போடவில்லை. பெட்டிகளுக்குள் மணிமணியான பல்புகள் எரிந்தன. ஒரு வண்டியின் ஜன்னல் வழியே மற்ற வண்டியின் ஜன்னல் தெரிந்தது, அதன் வழியே எதிர்ச் சுவரில் இரண்டு தலைகளின் நிழல்.