ராயப்பன் மாஸ்டர் திரும்பிய ஞாயிறு

டிசம்பர் பிறந்துவிட்டால் செஞ்சி மாதா கோயில் வாசலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் பாட்டுக் கச்சேரி. கிறிஸ்துமஸ் வரைக்கும் நடக்கும். பிரசங்கம் கிடையாது, காணிக்கைத் தட்டு கிடையாது, ஊரில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். அவலூர்பேட்டைக்குப் போகிறவர்கள்கூட ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு நின்று கேட்பார்கள். ரோஷன் பீ அம்மாள் முதல் ஆளாக வந்து நடு நாற்காலியைப் பிடித்துக்கொள்வார். பாட்டு சரியில்லை என்றால் சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லவும் செய்வார்.

கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, அதற்குக் கைதட்டலும் வாங்குகிற வேலை உலகத்தில் பாடற்குழுவை நடத்துகிற கொயர் மாஸ்டர் வேலை ஒன்றுதான். ராயப்பன் மாஸ்டர் அந்த வசதியை ஆறு வருஷமாக நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்.

அவருடைய ஒரே மகள் மோனிகாதான் அந்தக் குழுவின் முதல் குரல். மேல்சித்தாமூர் ஜைனக் குடும்பத்துப் பையன் தரணேந்திரனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது மாஸ்டர் கதவைச் சாத்தினார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. அந்த டிசம்பரின் முதல் கச்சேரியில் மைக்கைப் பிடித்து, "இந்த வருஷம் மோனிகா பாடமாட்டா. எனக்கு அப்டி ஒரு பொண்ணு இல்ல" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுக்கக்கூடாது என்றும் உத்தரவு போட்டார். ரோஷம் வந்து உட்கார்ந்துவிட்டால் மனுஷனுக்கு மூளை எதற்கு?

அதற்கு அடுத்த ஞாயிறுதான் அது நடந்தது. மாஸ்டரின் மனைவி அமிர்தம் குழுவில் முன்வரிசையில் நின்று பாடுகிறவள். பாட்டின் நடுவில் அவள் கண் காகிதத்தை விட்டு விலகி, மாஸ்டரின் இடது தோளுக்கு மேலாகத் தாண்டி, கேட்டுப் பக்கத்து வேப்பமரத்தடிக்குப் போனது. போன கண் கலங்கியது. மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. மகள் வந்திருக்கிறாள். பிடரியில் யாரோ கை வைத்தமாதிரி இருந்தது. கை மட்டும் தாளம் தவறாமல் அசைந்துகொண்டிருந்தது. பாட்டு முடிந்ததும் திரும்பிக் கும்பிடுவது வழக்கம். அன்றைக்கு அவர் காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு பக்கவாட்டுப் படி வழியாக இறங்கிப் போய்விட்டார்.

அப்போதிருந்து ஒவ்வொரு வருஷமும் கடைசி ஞாயிறு அமிர்தத்தின் கண் அதே மரத்தடிக்குப் போகும். மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பாமலே பக்கவாட்டுப் படியில் இறங்கிப் போவார். ஒரு வார்த்தை கேட்கமாட்டார், அவளும் சொல்லமாட்டாள். அவர் முன்னால் அந்தப் பேச்சை எடுக்க ஊரிலும் யாருக்கும் துணிச்சல் இல்லை. பேரன் பிறந்த சேதிகூட சந்தையில் யாரோ யாரிடமோ சொன்னது காதில் விழுந்து தெரிந்ததுதான்.

ஆனால் கச்சேரிக்குப் பாட்டுப் பொறுக்குவதில் மாஸ்டர் மாறிப்போனார். மோனிகா சின்ன வயதில் தப்பும் தவறுமாகப் பாடிய தொழுவத் தாலாட்டைத் தேடி எடுத்தார். அவளுக்குப் பிடித்த இடம் வந்தால் இழுத்து நிறுத்திப் பாட வைத்தார். அவள் அங்கே நிற்கிறாள், கைக்குழந்தையோடு நிற்கிறாள், கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்து நினைத்தே கையை அசைத்தார். வாயால் கேட்கவேண்டிய மன்னிப்பை எல்லாம் அந்தக் கையால் கேட்டார். பைத்தியக்கார மனுஷன், கேட்டாகிவிட்டது என்றே நம்பினார்.

இந்த வருஷம் ஃபாதர் கூப்பிட்டு, ஜனவரியிலிருந்து எழிலன் குழுவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று பக்குவமாகச் சொன்னார். எழிலன் கீபோர்டு வாசிக்கிற பையன், நல்லவன். மாஸ்டருக்கு வருத்தமில்லை. ஒரே ஒரு கவலைதான். அடுத்த வருஷம் அவரும் நாற்காலியில் உட்காருகிற ஆள். பெண்ணை மேடைக்குக் கூப்பிட அப்போது அவருக்கு மேடை இருக்காது. எந்த மைக்கில் இல்லை என்று சொன்னாரோ அதே மைக்கில்தான் கூப்பிடவேண்டும், எல்லாரும் பார்க்கவேண்டும் என்று முடிவு செய்துகொண்டார்.

கடைசி ஞாயிறு மத்தியானம் புது வேட்டியை எடுத்துக் கட்டியபடி, "இன்னிக்கு எல்லாரும் வருவாங்க இல்ல?" என்று மனைவியிடம் கேட்டார்.

"எல்லாரும்னா?"

"ஊருதான்."

அமிர்தம் அவர் முகத்தைப் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்தவள், சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டாள்.

சாயங்காலம் நல்ல பனி. வாசல் நிறைந்துவிட்டது. தாலாட்டுக்கு நடுவில் அமிர்தத்தின் கண், வழக்கம்போல, அவருடைய இடது தோளைத் தாண்டிப் போனது. மாஸ்டர் கையை இறக்கினார். பாட்டு பாதியில் நின்றது. எழிலன் கீபோர்டிலிருந்து விரலை எடுத்துவிட்டு விழித்தான். மாஸ்டர் மைக்கை உருவிக்கொண்டு திரும்பினார்.

"மோனிகா, நான் அன்னிக்குச் சொன்னது தப்பும்மா. இது உன் பாட்டு. மேல வாம்மா."

கூட்டம் மொத்தமும் கழுத்தைத் திருப்பி மரத்தடியைப் பார்த்தது. அங்கே ஒரு கடலை வண்டியும், கடலை வறுக்கிற விநாயகமும்தான். விநாயகம் கரண்டியைக் கையில் பிடித்தபடி தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று தேடினார். யாரும் இல்லை.

"மோனிகா" என்று மாஸ்டர் இன்னொரு முறை கூப்பிட்டார்.

அமிர்தம் வரிசையை விட்டு வந்து அவர் முழங்கையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் அழைத்துப் போனாள். அங்கே நின்றதும் அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

"அவ ஓசூர் போய் நாலு வருஷம் ஆவுதுங்க. மொத ரெண்டு வருஷம்தான் இங்க வந்து நின்னா."

"அப்ப நீ யாரப் பாத்துகினு இருந்த?"

"அந்த எடத்ததான் பாத்தேன். நான் பாக்கறத நிறுத்திட்டா நீங்களும் அவள உட்டுடுவீங்கன்னு பயம். என்னிக்காவது திரும்புவீங்கன்னு பாத்தேன்."

மாஸ்டர் கையிலிருந்த மைக்கைக் கீழே வைத்தார். பிறகு, "அவளுக்குப் போன் போடு" என்றார்.

அமிர்தம் ஸ்பீக்கரில் போட்டாள். "இன்னாமா, பாட்டு முடிஞ்சுதா?" என்றது மோனிகாவின் குரல். ஆறு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டதும் மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லடி. உங்க நைனா உன்ன மைக்குல கூப்டாரு. எல்லார் எதிர்லயும், தப்புன்னு சொல்லிக் கூப்டாரு."

மறுமுனையில், உள்ளே எங்கேயோ ஒரு சின்னப் பிள்ளை சோறு வேண்டாம் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டாவது வருஷம் நெறமாசமா நின்னேம்மா" என்றாள் மோனிகா. "கால் ரெண்டும் வீங்கிப் போச்சு. உக்காருன்னு எங்க வூட்டுக்காரரு சொல்லிகினே இருந்தாரு, நான் உக்காரல. உக்காந்தா நைனா திரும்பறப்ப கண்ணுக்குத் தெரியமாட்டேனேன்னு நின்னேன். நைனா பேப்பரச் சுருட்டிகினு எறங்கிப் போய்ட்டாரு. அன்னிக்கு பஸ்ல அழுதேம்மா, ஊரு வர்ற வரைக்கும். அதோட முடிஞ்சிடுச்சு."

"நைனா பக்கத்துலதான் இருக்காரு. குடுக்கட்டுமா?"

"வேணாம்மா." குரலில் சூடு இல்லை, அழுகையும் இல்லை. "கோவமெல்லாம் இல்ல. கோவம் இருந்தா சண்ட போடவாவது பேசிருப்பேன். ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு. புள்ள சாப்டாம ஓடறான், வெச்சிடறேன்."

மாஸ்டர் அணைந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பக்கம் எழிலன் தாலாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்துக்கொடுக்க, குழு பாடத் தொடங்கியிருந்தது. நன்றாகத்தான் பாடினார்கள். அமிர்தம் அவர் கையைப் பிடித்தாள். அவர் விடுவித்துக்கொண்டு, மேடையைச் சுற்றி வந்து, நாற்காலிகளுக்கு முன்னால் போய் நின்றார். இனி எங்கே போய் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

ரோஷன் பீ அம்மாள் பக்கத்து நாற்காலியிலிருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "உக்காருங்க மாஸ்டர். பொண்ணு வந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வரல" என்றார் மாஸ்டர். "ஆனா கோவம் ஒண்ணும் இல்லியாம்."

அதைச் சொல்லிவிட்டு, ஊரே பார்க்க, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.