துடைத்துவிட்ட டாக்டர்

அந்த ஸ்கேன் டாக்டரின் வாயிலிருந்து முடிவை வாங்குவதைவிடக் கல்லில் நார் உரிப்பது சுலபம். "நான் படம் எடுக்கறவன். கதை சொல்ல உங்க டாக்டர் இருக்கார்" என்பார். மௌனத்தின் மேன்மை குறித்து ஒரு மாநாட்டில் நாற்பது நிமிடம் பேசிக் கேடயமும் வாங்கியவர். ஊழியர்கள் வைத்திருந்த பெயர் ஊமைக்கோட்டான்.

பதினோரு வருடமாக அந்த அறையின் தரையைத் துடைக்கும் அக்கா, அன்று தானே கட்டிலில் படுத்திருந்தார். விலாவுக்குக் கீழே இரண்டு மாத வலி. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்த டாக்டர் வெளியூரில். திரும்பப் பத்து நாளாகும். வெளியே கணவர் காத்திருந்தார்.

டாக்டர் ஒரே இடத்தை நான்கு முறை அளந்தார். பிறகு காகிதம் எடுத்து, அக்கா வயிற்றிலிருந்த பசையைத் தானே துடைத்துவிட்டார். கைகொடுத்து எழுப்பினார்.

"எவ்வளவு பெருசு டாக்டர்?"

"எது? ரிப்போர்ட் உங்க டாக்டருக்குப் போயிடும்மா."

"நல்லா இருக்கறவங்க மேல காகிதத்த வீசிட்டு அடுத்த ஆளக் கூப்பிடுவீங்க. நீங்களே துடைச்சுவிட்டவங்க ஒருத்தரும் அடுத்த வருஷம் வந்ததில்ல. குனிஞ்சு வேலை செஞ்சாலும் எனக்குக் கண்ணு இருக்குதே."

டாக்டர் முகம் வெளிறியது. இத்தனை வருடம் ரகசியம் காத்தது வாய் மட்டும்தான்.

"அவங்களுக்கும் தெரிஞ்சிருக்குமா?"

"ம்ஹூம். 'எவ்வளவு தங்கமான டாக்டர்'னு சொல்லிட்டுப் போவாங்க. எனக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்."

"உறுதியா சொல்ல முடியாதும்மா. நான் ஒண்ணு சொல்லி, வேற ஒண்ணா இருந்துட்டா?"

"தெரிஞ்சத சொல்லுங்க. தெரியாதத தெரியாதுன்னு சொல்லுங்க. பத்து நாள் நானா நெனச்சுக்கிட்டுக் கெடந்தா, நீங்க அளந்தத விட பெருசா வளந்துடும்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "கல்லீரல்ல ஒரு கட்டி. மூணரை சென்டிமீட்டர். என்ன கட்டின்னு படத்துல தெரியாது; ஊசியால கொஞ்சம் சதை எடுத்துப் பாக்கணும். பத்து நாள் காத்திருக்காதீங்க. நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க."

அக்கா மூடியிருந்த கதவைப் பார்த்தார்.

"அவர்கிட்ட நீங்களே சொல்லிடுங்க டாக்டர். நான் ஆரம்பிச்சா அழுதுடுவேன்."

"நானா? நோயாளிகிட்டயே நான் சொல்றதில்லயே!"

"அவர் நோயாளி இல்லயே."

டாக்டர் கதவைத் திறந்தார். கணவர் துள்ளி எழுந்து, "எல்லாம் நல்லபடிதானே சார்?" என்றார்.

டாக்டர் கணவரை உட்காரவைத்து, பக்கத்து நாற்காலியில் தானும் உட்கார்ந்து, "நான் சொல்றத முழுசா கேளுங்க" என்றார். கணவரின் கண்கள் அதற்குள் அவரைத் தாண்டி, வாசலில் நின்ற அக்காவிடம் போயிருந்தன.