கரிக்கதவுக்குள் இருந்த பெயர்

எனிட் தாக்ரே, கொத்தனார் சேத் ஓல்ட்ராய்டுக்குத் தர வேண்டியிருந்தது நூற்று எண்பத்தாறு பவுண்டு நாற்பது பென்ஸ். பதினோரு நாள் கூலி, சாந்து, மணல், இடிசல் அள்ளிப்போன வண்டி வாடகை எல்லாம் சேர்த்து. நாற்பது பென்ஸை விட்டுவிடேன் என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் அவன் காதில் விழாதவன் போல இருந்துவிட்டான்.

வீடு அவளுடைய மாமியாருடையது. ஹாலிஃபாக்ஸுக்கு மேலே, மேட்டுத் தெருவில், ஆலைப் புகை குடித்துக் கறுத்துப்போன கல்வீடு. பிப்ரவரியில் கிழவி போய்ச் சேர்ந்ததும், விற்கிற மாதிரி ஆக்கிக் கொடு என்று எனிட் சேத்தைக் கூப்பிட்டாள். சமையலறையில் ஈரம் ஏறி உப்பியிருந்த பலகையைச் சேத் பெயர்த்தான். பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு வார்ப்பிரும்பு அடுப்பு நின்றது. நடுவில் நிலக்கரித் தட்டு, வலப்பக்கம் ஓவன், இடப்பக்கம் வெந்நீர்த் தொட்டி.

"அடச்சே, இது இன்னும் இங்கதான் இருக்கா!" என்றாள் எனிட், மாமியாரே எழுந்து வந்துவிட்டதைப் போல. "காஸ் வந்த வருஷம் பலகை அடிச்சு மூடினா கிழவி. பிடுங்கிப் போட்டிருப்பான்னுல்ல நெனச்சேன்."

மறுநாள் காலை தேநீரோடு வந்தாள். கூடவே பிஸ்கட்டும் இருந்தது. பத்து நாளாக இல்லாத பிஸ்கட்.

"சேத், ஒண்ணு சொல்றேன் கேளு. காசுக்குப் பதிலா இந்த அடுப்ப எடுத்துக்கயேன்."

முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டை இடித்துக் கட்டிப் பிழைத்தவன் சேத். 'எடுத்துக்க' என்று எவராவது சொன்னால் ஓட்டை எங்கே என்றுதான் முதலில் தேடுவான். இப்படித்தான் ஒருத்தர் பியானோ கொடுத்தார். உள்ளே எலி குட்டி போட்டிருந்தது.

"எனக்கு ரெண்டு வார வாடகை பாக்கி நிக்குதும்மா. சனிக்கிழமைக்குள்ள கட்டலன்னா சாமான் தெருவுலன்னுட்டான் வீட்டுக்காரன். அவன்கிட்ட போய் அடுப்ப நீட்டவா?"

"வீடு வித்தாத்தான் என்கிட்ட காசு. இஷ்டமிருந்தா எடு, இல்லன்னா காத்திரு."

ஓவன் கதவில் பெயர் பொறித்த தகடு இருந்தது. 'ஆம்ளர், சந்தைத் தெரு.' அந்த ஊரில் ஆம்ளரைத் தெரியாதவர் இல்லை. வாளியும் எலிப்பொறியும் மண்ணெண்ணெயும் விற்ற இரும்புக் கடைக்காரன். எவனோ வார்த்த அடுப்பை வாங்கி, கதவில் தன் பெயரை மாட்டி விற்பது அந்தக் காலக் கடைக்காரர்கள் எல்லோரும் செய்ததுதான். அதனால் ஆம்ளர் பெயரைப் பார்த்தவர்கள் அதற்கு மேல் எதையும் தேடமாட்டார்கள். பழைய இரும்புக்குப் போட்டால் பதினைந்து பவுண்டு வரும். சேத் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிஸ்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டான்.

வியாழக்கிழமை ஒரு ஆள் வந்து நின்றார். 'பழைய அடுப்புகள் வாங்கப்படும்' என்று தெரு முழுக்கக் கதவிடுக்கில் சீட்டுச் செருகிப் போனவர். பெயர் பெல்லமி. தெற்கத்திப் பேச்சு, ஒட்டக நிறக் கோட்டு, வெள்ளை வெளேரென்ற சட்டை.

"நீ கூட்டிட்டு வந்த ஆளா?" என்று எனிட் சேத்தின் காதைக் கடித்தாள்.

"நீங்க கூட்டிட்டு வந்த ஆளுன்னுல்ல நான் நெனச்சேன்."

பெல்லமி தகட்டைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "கடைச் சரக்கு மேடம். இந்த மாதிரி வாரத்துக்கு நாலு பாக்குறேன். பரவாயில்ல, இருபது பவுண்டு தரேன். நானே கழட்டி எடுத்துக்கறேன். உங்களுக்குத் தொந்தரவே இல்ல." குடிக்கத் தண்ணீர் கேட்டார். எனிட் குழாயடிக்குப் போனாள், சேத் சாந்துச் சட்டியை எடுக்க வெளியே போனான். திரும்பி வந்தபோது பெல்லமி கோட்டைக் கழட்டித் தோளில் போட்டுக்கொண்டு, கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை பத்து மணிக்கு வருகிறேன் என்று கிளம்பினார்.

சேத் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த ஆளின் வலது கை, வெள்ளைச் சட்டை, முழங்கை வரை கரி. இருபது பவுண்டு சரக்குக்காக எவனாவது இப்படிச் சட்டையைக் கெடுத்துக்கொள்வானா? முக்கால் டன் இரும்பைக் கூலி கேட்காமல் தானே கழட்டித் தூக்கிப் போகிறேன் என்கிறானே, இவன் என்ன தர்மப்பிரபுவா?

குனிந்து பார்த்தான். ஓவனுக்கு அடியில் ஒரு சாண் அகலக் கதவு, புகைவழியில் சேரும் கரியை வாருவதற்கானது. அதன் விளிம்பில் மட்டும் தூசி கலைந்திருந்தது. கையை உள்ளே விட்டான். இரும்பில் மேடு மேடாக எழுத்துகள். துழாவினால் புரியவில்லை. சட்டைப்பையில் இருந்த தச்சுப் பென்சிலை எடுத்து, மளிகைக் காகிதத்தை உள்ளே வைத்து அழுத்தி, பிள்ளைகள் நாணயத்தின் மேல் தேய்ப்பது போலத் தேய்த்தான். வெளியே எடுத்தால், 'ஜோனஸ் ஐவ்சன், 1861, எண் 3.'

ஐவ்சன் யாரென்று சேத்துக்குத் தெரியாது. ஆனால் பெல்லமிக்குத் தெரிந்திருக்கிறது.

காகிதத்தை மடித்து உள்பையில் வைத்தான். வாயை மூடிக்கொண்டு 'சரிம்மா, அடுப்பையே எடுத்துக்கறேன்' என்றால் போதும். ஆனால் அந்தப் பிஸ்கட் மனதை உறுத்தியது. இவளுக்கு எல்லாம் தெரிந்திருந்து, நான் என்ன செய்கிறேன் என்று பார்ப்பதற்காகவே விட்டிருந்தால்? தெரிந்திருந்தால் ஊர் முழுக்கத் திருடன் என்று சொல்லிவிடுவாள். தெரியாமலே இருந்தால் மட்டும்? அப்போதும் திருடன்தான், சொல்ல ஆள் இருக்காது, அவ்வளவே.

காகிதத்தை மேசைமேல் போட்டான்.

எனிட் அதையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள். "இத ஏன் என்கிட்ட காட்டுற?"

"உள்ள இருந்துச்சு, காட்டுறேன்."

"சும்மா காட்ட மாட்டியே. இதவிடப் பெருசா என்னத்த மறைச்சு வச்சிருக்க?"

"தாயே, உங்களுக்குக் காட்டினாலும் குத்தம், காட்டலன்னாலும் குத்தம். கைய விட்டுப் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே முட்டி போட்டாள். கை உள்ளே போனதும் முகம் மாறியது.

"ஏ சாமி... இந்த முண்டும் முடிச்சும்! கல்யாணமான புதுசுல வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை என்னைக் கரி வார வச்சா கிழவி. வாரி முடிச்சு, அடுப்புக்குக் கறுப்பு மை பூசிப் பளபளன்னு தேய்ச்சு, மூஞ்சி தெரியணும் அதுல. ஒம்பது வருஷம் சேத்! வெரல் உரசாத நாள் இல்ல. கை வழுக்காம இருக்கப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்." சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கண்ணைச் சுருக்கினாள். "எவ்வளவு போகும்?"

"அது அந்தக் கோட்டுக்காரனுக்குத்தான் தெரியும். சொல்ல வைப்போம்."

சனிக்கிழமை பத்து மணிக்குப் பெல்லமி உள்ளே நுழைந்தபோது சேத் சம்மட்டியோடு அடுப்பின் முன் நின்றான்.

"மன்னிக்கணும் சார்," என்றாள் எனிட். "கடைச் சரக்குன்னு நீங்களே சொல்லிட்டீங்க. இந்த இருபதுக்காக உங்களை அலைய விடுவானேன்? உடைச்சு இரும்புக்காரன்கிட்ட போடச் சொல்லிட்டேன். அடிப்பா சேத், ஓவன்ல இருந்து ஆரம்பி."

சம்மட்டி தோளுக்கு ஏறியது.

"ஐம்பது!" என்றார் பெல்லமி.

சேத் எச்சிலை உள்ளங்கையில் துப்பித் தேய்த்துக்கொண்டான். சம்மட்டி தலைக்கு மேல் போனது.

"நூறு! கொஞ்சம் நில்லுய்யா!"

"கை வலிக்குதும்மா," என்றான் சேத். "ரொம்ப நேரம் தூக்கி வச்சிருக்க முடியாது. வயசாகுது."

"முந்நூறு!"

"ஐவ்சன் பேருக்கு அவ்வளவுதானா?" என்றாள் எனிட் மெதுவாக.

பெல்லமி மளிகைக் காகிதத்தைப் பார்த்தார். அது மேசைமேல் தேநீர்க் கோப்பைக்கு அடியில் விரித்துக் கிடந்தது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். ஐவ்சன் மூன்றே வருஷம் வார்த்தவர், பிறகு பட்டறை எரிந்துபோயிற்று, ஒரு அருங்காட்சியகம் எங்களைத் தேடச் சொல்லியிருக்கிறது என்று கக்கினார். நானூற்று இருபதில் முடிந்தது. நோட்டுகளை எண்ணி வைத்தார்.

அவர் வண்டி பிடிக்கப் போனதும் எனிட் அதில் நூற்று எண்பது பவுண்டைப் பிரித்து மேசையில் வைத்தாள். பிறகு தன் பணப்பையைத் திறந்து ஒரு ஐந்து, ஒரு ஒன்று. சேத் ஒவ்வொரு நோட்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"என் நோட்டையுமா?" என்றாள்.

"பழக்கதோஷம்மா."

அவள் மளிகைக் காகிதத்தைத் திருப்பி அவன் முன் தள்ளினாள். "பின்னால எழுதிக் கொடு. பாக்கி ஒண்ணுமில்லன்னு. நாளைக்கு வந்து நிக்கக் கூடாது."

சேத் பென்சிலை எடுக்கவில்லை. கையை மட்டும் நீட்டினான்.

எனிட் முனகிக்கொண்டே பணப்பையின் அடியைத் துழாவி, பத்துப் பென்ஸாக நான்கு காசுகளை ஒவ்வொன்றாக அவன் உள்ளங்கையில் வைத்தாள். அதன் பிறகுதான் அவன் எழுதினான்.