நங்கூரக் குறி

இருபது வருஷத்தில் முதல் தடவையாக மோஸ்கியோன் தன் படகைப் பிரேயஸ் துறைமுகத்துக்குள் விடவில்லை. படகை அடமானம் வைத்து வாங்கிய வெள்ளியெல்லாம் தாசோஸ் தீவில் நாற்பது ஜாடி மதுவாக மாறிவிட்டது. ஐம்பதில் ஒரு பங்கு சுங்கம் கட்டக்கூடக் கையில் காசில்லை.

வழியில் எகினா தீவில் யோசனை சொன்னவன் தங்கை கணவன் சிமிலோஸ். "திருடர் துறையில இறக்குங்க மச்சான். உச்சி வெயில்ல சுங்கக்காரன் எவனும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான். நான் முன்னாடியே போய்க் கழுதைங்களோட நிக்கிறேன்."

கழுதைகள் வரவில்லை. சுங்கக்காரர்கள் வந்தார்கள்.

சுங்கச் சாவடி முற்றத்தில், வைக்கோல் சுற்றிய ஜாடிகள் வரிசையாக நின்றன. அந்த வருஷச் சுங்கத்தை ஏலம் எடுத்திருந்த தொப்பைக்காரர் குரல் கொடுத்தார்: "துப்புச் சொன்னவன் முன்னால வந்து பேரைச் சொல்லணும். சொன்னாத்தான் பிடிச்ச சரக்குல பாதி!"

எந்தப் போட்டி வியாபாரியோ என்று மோஸ்கியோன் திரும்பினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தரையைப் பார்த்தபடி பெயரைச் சொன்னவன் சிமிலோஸ்.

"மாப்பிள்ளை... நீயா?"

"என் கப்பல் முழுகி ஒன்பது மாசமாச்சு மச்சான். வீட்டுல பார்லி மாவுகூட இல்ல. நீங்க அடுத்த நடையில சம்பாதிச்சுக்குவீங்க."

"எந்தப் படகுலடா அடுத்த நடை? அதுதான் அடமானத்துல இருக்கே!"

ஆட்கள் வைக்கோலைப் பிரித்தார்கள். முதல் இருபது ஜாடிகளின் கழுத்தில் சிவப்புச் சாயத்தில் மீன். அது மோஸ்கியோனின் குறி. அடுத்த இருபதில் நங்கூரம்.

சிமிலோஸுக்கு முகம் வெளுத்தது. "இது... என் குறியாச்சே?"

"உன்னை மறுபடி வியாபாரத்துல நிறுத்தலாம்னு நினைச்சேன். தங்கச்சி முன்னால பிரிச்சுக் காட்டணும்னுதான் உங்கிட்ட வாயே திறக்கல."

தொப்பைக்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சும்மா இருந்திருந்தாலும் இருபது, காட்டிக்கொடுத்தும் இருபது! உனக்கு ஒண்ணும் நஷ்டமில்லப்பா, எடுத்துக்க!"

சிமிலோஸ் அசையவில்லை. மோஸ்கியோன் வெறுங்கையோடு வெளியே நடந்தான். வாசலில் மூன்று கழுதைகள் சேணத்தோடு காத்து நின்றன. வருவதாகச் சொன்ன கழுதைகள்தான். இடம்தான் வேறு.

அவன் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னான்:

"கயித்தை இறுக்கிக் கட்டு மாப்பிள்ளை, ஜாடி உடைஞ்சிடப்போகுது. எப்படி வந்துச்சுன்னு தங்கச்சி கேப்பா. அதை நீயே சொல்லிடு."